பார்த்தின் காதும் ஃபிஷர்-டீஸ்கௌவின் தொண்டையும்

பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த்தின் பெயரைச் சொன்னாலே வாதம் முடிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ‘ஆசிரியனின் மரண’த்தை நெட்டுருப் போட்ட அதே பக்தியோடு, 1972இல் அவர் எழுதிய ‘குரலின் சொரசொரப்பு’ கட்டுரையையும் ஒப்பிக்கிறார்கள். அதில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறவர் ஜெர்மானிய பாரிடோன் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ. அவரை ஒரு மாலையாவது உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் இந்தத் தீர்ப்பை வழிமொழிகிறார்களா? கேட்டிருந்தால் வழிமொழிந்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

குற்றச்சாட்டு இதுதான். ஃபிஷர்-டீஸ்கௌவிடம் குறை சொல்ல எதுவுமில்லை. சொல்லின் பொருளும் பாட்டின் கட்டுக்கோப்பும் அவரிடம் பிசகுவதில்லை. ஆனாலும் அவர் குரல் வசீகரிப்பதில்லை. காரணம், அங்கே பாடுவது ஆன்மா, உடல் அல்ல. மூச்சு கேட்கிறது, நுரையீரல் கேட்கிறது. நாக்கும் பல்லும் குரல்வளையும் மூக்கும் கேட்பதில்லை. ஜூலியா கிறிஸ்தேவாவிடமிருந்து இரண்டு கலைச்சொற்களைக் கடன் வாங்கி, ஒன்றின் கீழ் ஃபிஷர்-டீஸ்கௌவையும், மற்றொன்றின் கீழ் தம் அபிமானப் பாடகர் ஷார்ல் பான்செராவையும் நிறுத்துகிறார் பார்த். கலைச்சொற்களை உரித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது, இவரைப் பிடிக்கும் அவரைப் பிடிக்காது என்ற இரண்டு வாக்கியங்கள் மட்டுமே. பிடிக்காமல் போக எவருக்கும் உரிமை உண்டு. அந்தப் பிடிக்காமையை உடற்கூற்றியலாக வேடம் கட்டி அரங்கேற்றும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

முதலில் அந்த உடற்கூற்றியலையே எடுத்துக்கொள்வோம். ஃபிஷர்-டீஸ்கௌவின் சொல் உச்சரிப்பு மிகையாக நாடகமாகிறது என்று குறைப்படும் பார்த், அதே மூச்சில் அங்கே நாக்கும் பல்லும் கேட்கவில்லை என்கிறார். மெய்யெழுத்தை வெடிக்கவைப்பது எது? விலா எலும்பா? நாக்கு நுனி மேற்பல்லின் பின்னே முட்டாமல் ஒரு தகரம் பிறக்குமா? எழுத்துப் பிறப்பை நெஞ்சும் தலையும் கண்டமும் உதடும் நாவும் பல்லும் மூக்குமாகப் பிரித்து, இலக்கணத்தில் ஓர் இயலையே அதற்கு ஒதுக்கிய மொழியைப் பேசுகிற நம்மிடம் இந்தச் சரக்கு விலைபோயிருக்கவே கூடாது. ஃபிஷர்-டீஸ்கௌவைப் பிடிக்காத மற்ற விமரிசகர்கள் பல காலமாகச் சொல்லிவந்த புகார் இதற்கு நேர் எதிரானது என்பதையும் கவனியுங்கள்: மெய்யெழுத்துகளைக் கடித்துத் துப்புகிறார், உணர்ச்சி ஏறும் இடங்களில் குரைக்கிறார் என்பது அவர்கள் புகார். அந்தப் புகாரில் ஓரளவு உண்மை உண்டு. பல்லும் நாக்கும் அங்கே சற்றுக் கூடுதலாகவே இருக்கின்றன. இல்லவே இல்லை என்று சொன்னவர் பார்த் ஒருவர்தான்.

நுரையீரலை அவர் முட்டாள் உறுப்பு என்று தள்ளுகிறார். குரல்நாண்களுக்குக் கீழே காற்றழுத்தம் இல்லையென்றால் பான்செராவின் தொண்டையும் ஒலித்திருக்காது என்பது பாட்டு வகுப்பின் முதல் பாடம். அந்த வகுப்பில் பார்த் உட்கார்ந்திருக்கிறார். இளமையில் பான்செராவிடமே பாடம் கேட்டவர் அவர். அதே இளமையின் பல ஆண்டுகளைக் காசநோய் சானடோரியங்களில் கழிக்கவைத்தது. நோயாளியின் வலியை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதருக்கு மூச்சுப்பை மேல் கோபம் வர நியாயம் இருக்கலாம். அந்தக் கோபத்தை ஒரு பாடகரின் மேல் அழகியல் சட்டமாக எழுத நியாயம் இல்லை. எழுதுகிறவனின் வாழ்வைப் பிரதிக்குள் தேடாதே என்று நமக்குக் கற்பித்தவரின் கட்டுரையில் அவருடைய வாழ்வு வரிக்கு வரி கசிகிறது.

இனி அந்த ‘உடலற்ற ஆன்மா’வின் உடல் எங்கெல்லாம் இருந்தது என்று பார்க்கலாம். 1925இல் பெர்லினில் பிறந்தது. 1943 சனவரியில், 17 வயதில், ஷூபர்ட்டின் ‘குளிர்காலப் பயண’த்தை முதன்முதலாகச் சபைக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீச, கேட்க வந்தவர்களோடு பதுங்கு அறைக்குள் ஓடி, ஓய்ந்தபின் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பாடியது. அதே ஆண்டு ராணுவத்தில் சேர்க்கப்பட்டு ருஷ்யப் போர்முனையில் குதிரைகளைப் பராமரித்தது. ஊனமுற்ற அண்ணன் மார்ட்டினை நாஜிகள் ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். 1945இல் இத்தாலியில் அமெரிக்கர்களிடம் பிடிபட்டு, இரண்டு ஆண்டுகள் போர்க்கைதியாக, சக கைதிகளுக்கு லீட் எனப்படும் ஜெர்மன் கலைப்பாடல்களைப் பாடியது. பண்பாட்டின் எல்லையை ஒருபோதும் தாண்டாத கலை என்று பார்த் சொல்வது இதையா? அந்தப் பண்பாடு இடிந்து விழுந்ததற்கு அடியில் கிடந்தவர் இவர்.

1962 மே 30 அன்று கோவென்ட்ரி தேவாலயத்தில் இசையமைப்பாளர் பிரிட்டனின் ‘போர் இரங்கலிசை’ அரங்கேறியது. ஆங்கிலச் சிப்பாயாகப் பீட்டர் பியர்ஸ், அவன் கொன்ற ஜெர்மானியச் சிப்பாயாக ஃபிஷர்-டீஸ்கௌ. ஜெர்மன் குண்டுகள் எரித்த தேவாலயத்தின் பக்கத்திலேயே எழுந்த புதிய கட்டடத்தில், ஜெர்மன் ராணுவத்தில் இருந்த ஒருவர், ஆங்கிலத்தில், செத்தவனின் குரலாகப் பாடினார். முடிந்ததும் அவர் நொறுங்கி அழுதார். இருக்கையிலிருந்து எழுப்பி வெளியே கொண்டுவருவதற்குப் பியர்ஸ் சிரமப்பட்டார். அந்த இரங்கலிசையை அவர் பாடிய பதிவு விற்பனையில் கிடைக்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து எழுதுகிற பார்த், இவரிடம் உடல் இல்லை என்கிறார். எதைக் கேட்டுவிட்டு?

இதற்கு விடை கட்டுரையிலேயே இருக்கிறது. அவர் தீர்ப்புச் சொல்வது ஒரு லீட் பாடகருக்கு, ஓர் இசைத்தட்டுக்கு. 24 ஆண்டுகளாக ஓபரா மேடையில் நின்ற ஒரு பாரிடோன் அந்தக் கணக்கில் வரவேயில்லை. 1948 நவம்பரில் பெர்லின் நகர ஓபராவில் ஃபெரென்ட்ஸ் ஃப்ரிச்சாய் நடத்த, வெர்டியின் ‘டான் கார்லோ’வில் போசாவாக மேடையேறியபோது அவருக்கு வயது 23, சுடப்பட்டு விழுந்து, சாகும்வரை பாட வேண்டிய வேடம் அது. 1954இல் பைராய்ட்டில் வோல்ஃப்ராம் வேடம். 1961 செப்டம்பரில், பெர்லின் சுவர் எழுந்து ஆறே வாரங்கள் ஆன நாளில், டாய்ச் ஓபராவின் புதிய கட்டடத்தை மொசார்ட்டின் ‘டான் ஜொவான்னி’யோடு திறந்தபோது நாயகன் இவர்தான். 1963இல் குண்டுவீச்சில் அழிந்து மறுபடி எழுந்த மியூனிக் நேஷனல் தியேட்டர் திறந்தபோது, ஸ்ட்ராஸின் ‘நிழலற்ற பெண்’ணில் சாயக்காரன் பாராக், 1965இல் லண்டன் கவண்ட் கார்டனில் மாண்ட்ரிகா, 1966இல் வியன்னாவில் பெர்ன்ஸ்டைன் நடத்த ஃபால்ஸ்டாஃப்.

எல்லாவற்றையும் விடுங்கள். ஆல்பன் பெர்க்கின் ‘வோட்செக்’ போதும். கார்ல் பேம் நடத்திய 1965ஆம் ஆண்டுப் பதிவில் வோட்செக் இவர். பரிசோதனைக்காக உடம்பை விற்றுப் பிழைக்கிற ஏழைச் சிப்பாய். இருமியதற்காக மருத்துவரிடம் வசவு வாங்குகிறவன். பாட்டுக்கும் பேச்சுக்கும் கத்தலுக்கும் இடையில் தொண்டை கிழிந்து கிடக்கிறவன். மனைவிபோல் உடன் வாழ்ந்தவளைக் குத்திக் கொன்றுவிட்டு, கத்தியைத் தேடிக் குளத்துக்குள் இறங்கி மூழ்குகிறவன். அந்தக் கடைசி நிமிடங்களில் கேட்பது இளைப்பும் எச்சிலும் வறண்ட மேலண்ணமும்தான். குருத்தெலும்பும் சளிச்சவ்வும் வேண்டும் என்று கேட்டவருக்கு இதைவிட வேறு என்ன படைக்க முடியும்? லீட் மட்டுமே கேட்டுவிட்டு ஒரு பாரிடோனைத் தள்ளுபடி செய்வது, முகவுரையை மட்டும் படித்துவிட்டு நாவலுக்கு மதிப்புரை எழுதுகிற வேலை. அந்த வேலையை மற்றவர்கள் செய்தபோது பார்த் மன்னித்தவரில்லை.

அடுத்தது ஏகபோகக் குற்றச்சாட்டு. இசைத்தட்டுகளை இவர் ஒருவரே ஆளுகிறார், இவரைப் பிடிக்காதவனுக்கு ஷூபர்ட்டே மறுக்கப்படுகிறது என்கிறார் பார்த். ஜெரால்ட் மூரின் பியானோவோடு 400க்கும் மேற்பட்ட ஷூபர்ட் பாடல்களை இவர் பதிவு செய்தது உண்மை. ஆனால் மறுக்கப்படுகிறது என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு. ஹான்ஸ் ஹோட்டரின் ‘குளிர்காலப் பயணம்’ இருந்தது. பியர்ஸும் பிரிட்டனும் சேர்ந்து செய்தது இருந்தது. ஃப்ரிட்ஸ் வுண்டர்லிஷ் சாவதற்குச் சற்று முன் பாடிய ‘அழகிய ஆலைக்காரி’ இருந்தது. ஹெர்மான் ப்ரை இருந்தார். பாரிஸிலேயே ஜெரார் சூசே இருந்தார்.

சூசே! இந்த இடத்தில்தான் முடிச்சு அவிழ்கிறது. 1957இல் வெளிவந்த ‘புராணவியல்கள்’ நூலில் பூர்ஷ்வாப் பாட்டுக்கலை என்று ஒரு கட்டுரை உண்டு. அதில் அடி வாங்குகிறவர் இந்தச் சூசேதான்; குற்றமும் ஏறக்குறைய அதேதான்: சொல்லுக்குச் சொல் உணர்ச்சியை அடிக்கோடிட்டுக் காட்டுகிறார், நடுத்தர வர்க்கத்துக்குப் புரியும்படி பரிமாறுகிறார். பிரெஞ்சுக்காரரும் குற்றவாளி, ஜெர்மானியரும் குற்றவாளி. கிறிஸ்தேவா வருவதற்கு முன்னும் குற்றவாளி, வந்த பின்னும் குற்றவாளி. கோட்பாடு மாறியிருக்கிறது, நாடு மாறியிருக்கிறது, பாடகர் மாறியிருக்கிறார். தண்டனை மட்டும் மாறவில்லை. இரண்டு பேரும் செய்த பொதுவான தவறு ஒன்றே ஒன்று: பான்செராவுக்குப் பிறகு பாட வந்தார்கள்.

பான்செரா மகத்தான பாடகர், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஃபோரே தம் கடைசிப் பாடல்தொகுப்பை அவருக்கே காணிக்கையாக்கினார். 1935இல் கோர்த்தோவின் பியானோவோடு அவர் பாடிய ஷூமானைக் கேட்டால் பார்த்தின் காதல் எவருக்கும் புரியும். ஆனால் அது தம் குருவின் மேலும் கைநழுவிய இளமையின் மேலும் ஒரு மனிதர் கொண்ட காதல். அதைக் காதல் என்றே எழுதியிருந்தால் நாம் கண்கலங்கிப் படித்திருப்போம். கோட்பாடாக எழுதியதால் ஒரு பாடகரின் வாழ்நாள் உழைப்பு அடிக்குறிப்பில் பலியானது.

ஃபிஷர்-டீஸ்கௌவின் குறைகளைப் பார்த்திடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. குபேலிக் நடத்திய ‘ரிகொலெத்தோ’வில் இத்தாலிய உயிரெழுத்துகளின் அகலம் அவருக்குக் கைவரவில்லை. கரயானோடு பாடிய வோட்டனுக்கு வேண்டிய கனம் அந்தக் குரலில் இல்லை. அங்கே அவர் எடையின் இடத்தைச் சொல்லால் நிரப்பப் பார்க்கிறார். கடைசிப் பத்தாண்டில் குரல் வறண்டது. இவை எல்லாமே உடலின் குறைகள். உடலே இல்லாதவருக்கு இந்தக் குறைகள் எங்கிருந்து வந்தன?

பார்த் அந்தக் கட்டுரையை எழுதி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1978 சூலை 9 அன்று, மியூனிக்கில் அரிபர்ட் ரைமானின் ‘லியர்’ அரங்கேறியது. வெர்டி நெடுங்காலம் கனவு கண்டும் எழுதாமல் விட்ட கதை. அதை ஓபராவாக்கச் சொல்லி ரைமானைத் தூண்டியவரும் ஃபிஷர்-டீஸ்கௌதான், லியராக நின்றவரும் அவர்தான். புயலில் அலையும் அந்தக் கிழவனின் குரலில் அழகு என்று சொல்ல எதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. அதன் பிறகு பார்த் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

அவருடைய கட்டுரையை இனியும் மேற்கோள் காட்ட விரும்புகிறவர்கள் தாராளமாகக் காட்டலாம். அதற்கு முன் பேமின் ‘வோட்செக்’கில் மூன்றாம் அங்கத்தின் குளக்கரைக் காட்சியை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.