கதவுக்குள் காது, கதவுக்குள் வாய்

குவாங்சோவில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் என்னை ‘ஆயீ’ என்று கூப்பிடுவாள். சித்தி, அத்தை வயதில் இருக்கும் பெண்களைச் சீனத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது ஊரில் யாரோ ‘ஆயி’ என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது, சட்டென்று திரும்பிவிட்டேன். அவளுக்கு 17 வயது. ‘காவ்சான்’ படித்தாள். மேல்நிலையில் மூன்றாம் ஆண்டு, ‘காவ்காவ்’ என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதும் ஆண்டு அது. அவள் அப்பாவுக்குச் சோங்தா துணிச்சந்தையில் ஜிப்பும் லேஸும் விற்கும் கடை. என் கணவர் திருப்பூருக்குச் சரக்கு எடுப்பதும் அதே சந்தையில்தான். அந்தப் பழக்கத்தில் அவள் அம்மா ஒருநாள் வந்து, மகளோடு தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேச முடியுமா என்று கேட்டார்.

பள்ளியில் இரவுப் படிப்பு முடிந்து அவள் வீடு திரும்பவே பத்து மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருவாள். பை நிறைய பயிற்சித்தாள்கள். கண்ணில் தூக்கம்.

முதல் வாரம் நான் பேசிய ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடவே இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து அவள் கேட்டதெல்லாம் பதிவு செய்யப்பட்ட குரல்கள். பிரிட்டிஷ்காரரோ அமெரிக்கரோ ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு சொல்லின் மீது இன்னொரு சொல் ஏறாமல், பின்னால் ஒரு சத்தமும் இல்லாமல் பேசிய ஆங்கிலம். என் ஆங்கிலத்திலோ கோயம்புத்தூர் இருந்தது. நான் ஏதாவது சொன்னால் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். புரியவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய நாலு நாள் ஆயிற்று. பத்தாவது நாளோ என்னவோ, முதன்முதலாக “சாரி, ஆயீ?” என்றாள். நான் அதையே வேறு சொற்களில் சொன்னேன். மறுபடியும் “சாரி?”. கையைக் காட்டிச் சொன்னேன். புரிந்தது. அதற்கப்புறம் ஒரு பேச்சுக்கு ஏழெட்டு ‘சாரி’ வரும். சீனப் புத்தாண்டு வருவதற்குள் என் ஆங்கிலம் அவளுக்குப் பழகிவிட்டது.

அவள் காதைத் திறந்தது அந்தச் ‘சாரி?’தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் சீனத்தின் பெரும்பாலான மாகாணங்களில் ஆங்கிலம் கேட்கும் திறனை அளக்கும் தேர்வில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை.

தேசிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் 30 கேட்கும் திறனுக்கு. ஜூன் 8ஆம் தேதி பிற்பகல், தேர்வறையின் ஒலிபெருக்கியில் குரல் ஒலிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலையை நிறுத்திவைக்க வேண்டும். (தென்கொரியாவில் இதைவிடக் கடுமை. நவம்பர் மாதத் தேர்வில் ஆங்கிலம் ஒலிக்கும் அரைமணிச் சொச்ச நேரத்துக்கு நாட்டில் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.) முதலில் 5 குட்டி உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. பதிலைக் குறித்துவிட்டு அடுத்த கேள்வியைப் படிக்க 10 விநாடி. பிறகு நீளமான 5 பகுதிகள், அவை மட்டும் இரண்டு முறை. மொத்தம் 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்வு தொடங்குமுன் மாதிரிக்கு ஒரு கேள்வி வரும்: அந்தச் சட்டை என்ன விலை? விடை, 9 பவுண்டு 15 பென்ஸ். சீனத்தில் காவ்காவ் எழுதிய யாரிடமும் இந்த விலையைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு பயிற்சித் தேர்விலும் கேட்டுக் கேட்டு, தேர்வின் மணியோசை மாதிரி ஆகிவிட்டது அது. பக்கத்து மாகாணமான ஹூனானில் படிக்கும் தன் மாமா மகன் தூக்கத்தில்கூட அந்தச் சட்டை விலையைச் சொல்வான் என்றாள் எங்கள் எதிர்வீட்டுப் பெண்.

சோங்தா சந்தையில் அவள் அப்பா விலை சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஆங்கிலத்தில் எண்களும் பத்திருபது சொற்களும்தான் தெரியும். வாயால் ஒரு விலை சொல்வார், கூடவே கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டுவார். வாங்க வந்தவர் அதை வாங்கி வேறொரு எண்ணை அடிப்பார். “மீட்டருக்கா, ரோலுக்கா?” என்று ஒரு கேள்வி. “ரோலுக்கு.” மறுபடியும் கால்குலேட்டர். நைஜீரியா, வங்கதேசம், திருப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்களின் ஆங்கிலத்தை நாள் முழுக்க அவர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார். ஒரு விலையை ஒரே தடவை காதால் கேட்டு, திருப்பிக் கேட்காமல், முடிவுசெய்கிற வியாபாரி உலகத்தில் எந்தச் சந்தையிலும் இல்லை.

நம் மொழியில் ‘கேள்’ என்பது ஒரே சொல். பாட்டைக் கேட்டேன் என்கிறோம், வழி கேட்டேன் என்கிறோம். காதின் வேலைக்கும் வாயின் வேலைக்கும் ஒரே வினை. இதை ஒருநாள் அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பயிற்சித்தாளின் ஓரத்தில் இரண்டு எழுத்துகளை வரைந்து காட்டினாள். இரண்டிலும் வெளியே ஒரு கதவு. ஒன்றில் கதவுக்குள் காது, மற்றதில் கதவுக்குள் வாய். முதலாவது கேட்பது, இன்றைய பேச்சில் அது முகர்வதைக் குறித்தாலும், ‘செய்தி’ என்பதற்கான சீனச் சொல்லுக்குள் பழைய பொருளோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது வினவுவது. இரண்டுமே ‘வென்’தான், குரலை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் மட்டும் வித்தியாசம். அவளும் அன்றைக்குத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளாம்.

வாசிப்புக்கு வருகிறேன். அதற்கு 50 மதிப்பெண். நான்கு பத்திகள், 15 கேள்விகள். அதன் பின், 5 இடங்களில் வாக்கியம் விடுபட்ட ஒரு கட்டுரை. கொடுத்திருக்கும் 7 வாக்கியங்களிலிருந்து பொருத்தமான ஐந்தை எடுத்து நிரப்ப வேண்டும். பத்திகள் நல்லவை, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து எடுத்துச் சுருக்கிய, உயிருள்ள விஷயங்கள். அவற்றை அணுகும் விதம்தான் மனதை என்னவோ செய்தது. அவள் பத்தியை முதலில் படிக்கவே மாட்டாள். கேள்வியைப் படிப்பாள், அதில் ஒரு சொல்லை வட்டமிடுவாள், அந்தச் சொல் பத்தியில் எங்கே இருக்கிறதென்று தேடுவாள். பத்தியில் உள்ள சொற்கள் விடையில் அப்படியே வந்திருந்தால் அது பொறி. அதே பொருளை வேறு சொல்லில் சொல்லியிருந்தால் சரியான விடை. ‘மட்டும்’, ‘எப்போதும்’ என்று அடித்துச் சொல்லும் விடையைக் கண்டால் தள்ளிவிடு. கேட்கும் பகுதிக்கும் இப்படிச் சூத்திரங்கள் உண்டு: ‘பட்’ என்ற சொல் காதில் விழுந்தால் அதற்கடுத்து வருவதைப் பிடி, விலை கேட்டால் காதில் விழுந்த எண் விடையாக இருக்காது, கூட்டவோ கழிக்கவோ வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் அவள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள்.

ஒரு பயிற்சித்தாளில், பேருந்தில் கண்டெடுத்த பழைய நாணயத்தைப் பல வருஷம் கழித்து உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் ஒரு கிழவியின் கதை. நான்கு கேள்விக்கும் சரியாக விடை எழுதிவிட்டாள். பக்கத்தைத் திருப்பப் போனவள் நிறுத்தி, “அவள் இத்தனை வருஷம் கழித்து ஏன் கொடுத்தாள், ஆயீ?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “பரவாயில்லை, அது கேள்வியில் இல்லை” என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அவள் உண்மையாகவே வாசித்த ஒரே நொடி அதுதான். அதை அளக்கத் தேர்வில் கருவி இல்லை, அதனால் அவளும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இப்படிச் சொல்கிறேன் என்பதற்காக அந்தத் தேர்வைத் தூக்கி எறிந்து பேச எனக்கு மனம் வராது. பத்தாண்டு மூடிக்கிடந்த நுழைவுத் தேர்வு 1977இல் மீண்டும் திறந்தபோது 57 லட்சம் பேர் எழுதினார்கள், இடம் கிடைத்தது ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்து எழுதினார்கள். 2024இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம். இத்தனை பேரையும் ஒரே கோலால் அளக்க வேண்டும், அளந்தது சரிதான் என்று மலைக்கிராமத்துத் தகப்பனும் நம்ப வேண்டும். சரியான விடை ஒன்றே ஒன்று, அதை யார் திருத்தினாலும் அதே மதிப்பெண் என்கிற உறுதி அவருக்குச் சின்ன விஷயமில்லை.

2018 நவம்பரில் செஜியாங் மாகாணத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. ஆங்கிலத்தை ஆண்டுக்கு இருமுறை எழுதி, அதிக மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. அந்தத் தடவை தாள் முந்தையதைவிடக் கடினம் என்று, வாசிப்பிலும் மொழிப் பயன்பாட்டிலும் சில கேள்விகளின் மதிப்பெண்ணை அதிகாரிகள் மாற்றிக் கணக்கிட்டார்கள். முடிவு வந்ததும் பெற்றோர் கொதித்துப்போனார்கள். நன்றாக எழுதிய பிள்ளையும் சுமாராக எழுதிய பிள்ளையும் ஒன்றாக வந்து நின்றால் உழைப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். மாகாண அரசு விசாரித்து, எடுத்த முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டது. டிசம்பரில் பழைய மதிப்பெண்கள் திரும்பி வந்தன, உயரதிகாரிகள் பதவி இழந்தார்கள். ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஆயிரம் பேர் முன்னால் போய்விடும் நாட்டில் அந்தக் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆனால் தேர்வை மாற்றினால் வகுப்பறை மாறும் என்று நம்பி வேலை செய்தவர்களும் இதே குவாங்சோவில் இருந்திருக்கிறார்கள். 1985இல், இங்கிருந்த வெளிநாட்டு மொழிகள் கல்லூரியின் பேராசிரியர்கள் குய் ஷிச்சுன், லி சியாவ்ச்சூ போன்றவர்கள் இந்தக் குவாங்தோங் மாகாணத்தில் ஆங்கிலத் தேர்வைப் புதிய முறைக்கு மாற்றிப் பார்த்தார்கள். இலக்கண விதியை ஒப்பிப்பதிலிருந்து மொழியைப் பயன்படுத்துவதற்குப் பிள்ளைகள் நகர வேண்டும், அதற்குத் தேர்வே நெம்புகோல் என்பது அவர்கள் எண்ணம். படிக்கத் தெரியும், வாய் திறக்காது என்கிற நிலையைச் சீனர்களே ‘யாபா யிங்யூ’, ஊமை ஆங்கிலம் என்று சொல்லி வருந்துவார்கள். நான் படித்த காலத்தில் எங்கள் ஆங்கிலத் தேர்வில் காதுக்கும் வாய்க்கும் வேலையே இருக்கவில்லை, ஆகவே அந்த வருத்தம் எனக்கும் சொந்தம்.

அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாகத்தான் குவாங்தோங் பிள்ளைகள் இன்று ஒலிபெருக்கிக்குப் பதிலாகக் கணினி முன் உட்காருகிறார்கள். மார்ச் மாதத்தில் நடக்கும் கேட்டல், பேசுதல் தேர்வு அது. 150இல் 20 மதிப்பெண். (பெய்ஜிங்கில் இதற்கு 50.) மூன்று பகுதிகள். முதலில், ஒரு காணொளியைப் பார்த்து அதன் வேகத்திலேயே வாசிக்க வேண்டும். கடைசியில், ஒரு கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் வருவதுதான் எனக்கு முக்கியம். அங்கே மாணவி கணினியிடம் 3 கேள்வி கேட்க வேண்டும், கணினி கேட்கும் 5 கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கதவுக்குள் காதும் வாயும் ஒன்றாக உட்காரும் இடம். இதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒருநாள் அவள் பயிற்சி செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேட்க வேண்டிய அந்த மூன்று கேள்விகளும் திரையில் சீனத்தில் வந்தன. அவற்றை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால் போதும். கேள்வி இருந்தது, கேட்கிறவள் இல்லை.

மூன்றில் ஒன்றையாவது அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். கேட்டதிலிருந்து உனக்குத் தோன்றும் ஒரு கேள்வியைக் கேள் என்று விட்டால், நன்றாகக் காது கொடுத்தவர் யார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். திருத்துவது சிரமம்தான், சண்டை வரும்தான். அப்படியும், ஒரு மதிப்பெண்ணுக்காவது இதைச் செய்ய வேண்டும் என்பேன். கதையைப் பாதியில் நிறுத்தி மீதியை மாணவரே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லும் கேள்வியைச் செஜியாங்கில் 2016இல் கொண்டுவந்தார்கள். 25 மதிப்பெண். இன்று குவாங்தோங் உட்படப் பல மாகாணங்களில் அது உண்டு. கதையை உள்வாங்காமல் அதை எழுத முடியாது. கண்ணீர் வழிந்தது, இதயம் படபடத்தது என்று எந்தக் கதைக்கும் ஒட்டும் வாக்கியங்களை இப்போதே மனப்பாடம் செய்யவைக்கிறார்கள் என்பதும் உண்மை. அதற்காக அந்தக் கேள்வியை எடுத்துவிட யாரும் சொல்லவில்லை. திறந்த விடையையும் திருத்த முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

மார்ச் தேர்வை முடித்துவிட்டு வந்தவள் முதலில் சொன்னது அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதைப் பற்றித்தான். காதில் ஹெட்போன் இருந்தும் பக்கத்துப் பையனின் குரல் விழுந்துகொண்டே இருந்ததாம். நான் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, சத்தத்துக்கு நடுவில் ஒரு குரலைப் பிடித்துக்கொள்ளக் காது பழகியிருந்தது என்றாள். எங்கள் வீட்டில் நான் சமைத்துக்கொண்டே பேசுவேன், குக்கர் விசிலடிக்கும், கணவர் போனில் கத்துவார்.

ஜூன் தேர்வெல்லாம் முடிந்து, அப்பாவின் கடையில் வந்து நின்றாள். திருப்பூரிலிருந்து வந்த ஒரு பனியன் கம்பெனிக்காரரை என் கணவர் அழைத்துக்கொண்டு போயிருந்தார், கூட நானும். வந்தவர் அரையடி ஜிப் ஒன்றைக் கையில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவள் அப்பா கால்குலேட்டரை எடுத்துவிட்டார். இவள் வந்தவர் பக்கம் திரும்பி, இந்த ஜிப்பை உங்கள் ஊரில் எந்தத் துணியில் தைப்பீர்கள், அதை யார் போட்டுக்கொள்வார்கள் என்று கேட்டாள். அவர் ஜிப்பைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய ஆங்கிலத்தில், பத்து நிமிஷம் பேசினார். சாயப்பட்டறை, குளிர்நாட்டு ஆர்டர், குழந்தைகளின் ஜாக்கெட், தைக்கும் பெண்கள் என்று எங்கெங்கோ போனது பேச்சு. நடுவில் அவள் நாலைந்து தடவை “சாரி?” என்றாள். அவரும் நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னார். அப்பா கால்குலேட்டரைக் கையில் வைத்தபடியே காத்திருந்தார்.

புரியாமல் விட்டதை அன்று இரவு எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.