கொல்லையில் கீரை ஏன் வரவில்லை?

"அக்கா, மூணு தடவை விதைச்சுட்டேன். அரைக்கீரை முளைக்குது, ரெண்டு இலை விடுது, அப்புறம் மஞ்சளாகிச் சுருண்டுடுது. இந்த மண்ணே ராசியில்லை போல!"

பக்கத்து மனையில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கும் பெண் இப்படிச் சலித்துக்கொண்டு வந்து நின்றாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. அதற்கு மசித்துக் கொடுக்கத்தான் பாத்தியே கட்டினாளாம். போய்ப் பார்த்தேன். மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

"அஸ்திவாரம் தோண்டின மண்ணை என்ன பண்ணினீங்க?"

"கொல்லையிலேயே நிரவி விட்டுட்டாங்க அக்கா. லாரி வாடகை மிச்சமாச்சு."

விஷயம் புரிந்துவிட்டது. ராசியுமில்லை, ஒன்றுமில்லை. அடியில் இருக்கவேண்டியது மேலே வந்துவிட்டது!

சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது நாங்கள் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். முதலில் ஒரு முழத்துக்குக் கருத்த, பொலபொலப்பான மண். வேரும் புழுவுமாக இருக்கும். அதற்குக் கீழே பிசுக்கென்று ஒட்டும் செம்மண். பிறகு கல்லும் மண்ணும் கலந்த முரம்பு. அப்புறம் கடப்பாரைக்கு உதிரும் மக்கிய பாறை. கடைசியில் வெடி வைத்தால்தான் அசையும் கரும்பாறை. மண்ணின் ஜாதகமே அந்தக் கிணற்றுச் சுவரில் இருந்தது.

அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பாறைதான் மண்ணுக்குத் தாய். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி அது விரிசல் விடும். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் அதற்கு மிக லேசான அமிலத்தன்மை உண்டு. அது விரிசலில் இறங்கி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பிறகு பாசி, புல், வேர், சருகு, புழு பூச்சி எல்லாம் சேர்ந்து பொடியை மண்ணாக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் சேர ஆயிரம் வருஷம்கூட ஆகலாம்.

இதில் மண்புழுவின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. டார்வின் 1881-ல் மண்புழுவைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். புழுக்களைத் தொட்டியில் வளர்த்து, அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று வீட்டில் பியானோ வாசிக்கச் சொல்லிப் பார்த்தாராம்! சத்தத்தை அவை சட்டை செய்யவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்தபோதுதான், அதிர்ச்சி தாங்காமல் வளைக்குள் ஓடின.

சரி, நம் பெண்ணின் கதைக்கு வருவோம். வேப்பமரத்தடியில் மட்டும் பழைய மேல்மண் மூடாமல் தப்பியிருந்தது. அங்கே வேறொரு சங்கடம். அவள் படு சுத்தக்காரி. தினமும் ஒரு சருகு விடாமல் பெருக்கிக் கொளுத்திவிடுவாள். வீட்டுச் சுவரைக் காட்டினேன். வெள்ளையடித்த சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கறை.

"மழை தெறிச்ச அழுக்கு அக்கா."

"அழுக்கில்லைம்மா, உன் மேல்மண்!"

பெரிய மழைத்துளி வினாடிக்கு 25, 30 அடி வேகத்தில் வந்து விழும். மண் வெறுமையாக இருந்தால் அதன் கட்டிகளை உடைத்துச் சிதறடிக்கும். நுண்ணிய பொடி மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலாக ஓடும், மண்ணையும் அள்ளிக்கொண்டு. முதலில் போவது சத்துள்ள நுண்மண்தான். மேலே சருகோ புல்லோ இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

போகிற மண் எங்கே போகிறது? ஏரிக்கு, ஆற்றுக்கு, அணைக்கு. 1934-ல் திறந்த மேட்டூர் அணையில் 2017-ல் தூர்வாரி, வண்டலை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வண்டி வண்டியாக அள்ளிப்போய் வயலில் போட்டார்கள். எந்தெந்த ஊர்த் தோட்டத்து மேல்மண்ணோ அது!

நாங்கள் செய்தது இதுதான். பாத்தியைத் தோண்டினோம். ஓர் அடிக்குக் கீழே, புதைந்துபோன பழைய கருப்பு மண் அகப்பட்டது! அதை மேலே போட்டு, செம்மண்ணை அடியில் தள்ளி, மக்கிய சாணமும் கலந்தோம். வீடு கட்டப்போகிறவர்கள் மேல் ஒரு முழ மண்ணை முதலிலேயே தனியாகக் குவித்து வைக்கச் சொல்லிவிட்டால் இந்த முதுகுவலி மிச்சம். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் உடைந்த ஓட்டுச்சில்லைப் பரப்பினோம். வேப்பஞ்சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே விடச்சொன்னேன். "பார்க்க அசிங்கமா இருக்குமே அக்கா!" என்று அரை மனதாக ஒப்புக்கொண்டாள்.

ஐப்பசி மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்ததும் கூப்பிட்டாள். வெள்ளையடித்த சுவரில் இந்தத் தடவை கறை கணுக்கால் உயரம்தான். கீரை நாலாவது இலை விட்டிருக்கிறது.