காலிச் சர்ச்சும் பூட்டிய கோயிலும்

மேல்நாட்டில் மதம் தேய்ந்துகொண்டு வரும்போது நம் நாட்டில் மாத்திரம் அது ஏன் கொழுத்து வருகிறது என்று கேட்கும் தோழர்கள் பலர். கேட்பவர்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் படித்தவன், நம்மவன் படிக்காதவன் என்பதே அந்தப் பதில். இது நமக்குச் சம்மதமில்லை. படிப்புத்தான் காரணமென்றால், படித்த நம் ராக்கெட் விஞ்ஞானிகள் ராக்கெட் மாதிரியைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போவானேன்?

இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் ஜனக் கணக்கைப் பாருங்கள். 2011இல் தம்மைக் கிறிஸ்தவர் என்று எழுதிக்கொண்டவர்கள் நூற்றுக்கு 59 பேர். 2021இல் அது 46 ஆய்விட்டது. மதமே இல்லை என்றவர்கள் 25லிருந்து 37 ஆனார்கள். இத்தனைக்கும் அங்கே அரசர்தாம் சர்ச்சுக்குத் தலைவர். பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இன்றும் நாற்காலி உண்டு. அமெரிக்காவிலோ 1791லேயே சர்க்காருக்கென்று ஒரு மதம் கூடாதென்று அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஆனால் ஜனங்களின் பக்தி இங்கிலாந்தைவிட அங்கேதான் அதிகம். ஆகவே சட்டத்தில் எழுதுவது ஒன்று, மனிதன் மனத்தில் இருப்பது வேறொன்று என்றாகிறது.

பிப்பா நாரிஸ், ரொனால்டு இங்கிள்ஹார்ட் என்ற இரு அறிஞர்கள் 2004இல் ஒரு புத்தகத்தில் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எங்கே குறைகிறதோ அங்கே மதமும் குறைகிறது என்பதுதான் அது. இங்கிலாந்தில் 1948 முதல் வைத்தியம் எல்லோருக்கும் பொதுச் செலவில் நடக்கிறது. அமெரிக்காவில் பணக்காரன் மெத்த உண்டென்றாலும், வியாதி வந்தால் கடனாளியாகிறவனும் உண்டு. இது சரியான பேச்சென்றே நமக்குப் படுகிறது. மேல்மலையனூரில் அமாவாசை இரவு கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாகப் போகிறவர்கள் மோட்சத்துக்கா போகிறார்கள்? தீராத வியாதி, பிள்ளையில்லாக் குறை, குடிகாரப் புருஷன், வராத வேலை, இவைதானே அவர்களை இழுத்துப் போகின்றன? அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அதில் யோக்கியதை ஒன்றுமில்லை.

ஆனால் இது பாதி விஷயந்தான். மற்றப் பாதி விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் இருக்கிறது.

அங்கே தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது ஆதிதிராவிட வாலிபர்கள் நுழைந்தார்கள் என்பதற்காக அடிபட்டார்கள். ஜூன் 7ந் தேதி வருவாய்க் கோட்டாட்சியர் கோயிலுக்குச் சீல் வைத்தார். உலகத்தையே காக்கும் அம்மன் ஒரு அதிகாரியின் பூட்டுக்குள் அடங்கிக் கிடந்தாள். வெளியே மழை பெய்தது, கரும்பு வெட்டினார்கள், பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், ஒன்றும் நின்றுவிடவில்லை. 2024 மார்ச்சில் கோர்ட்டு உத்தரவின்படி பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரல் 17ந் தேதிதான் ஆதிதிராவிட மக்கள் போலீசுப் பாதுகாப்போடு உள்ளே போனார்கள். அன்றைக்கு, இத்தனை நாளும் “எங்கள் அம்மன்” என்றவர்களில் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அம்மன் அதே அம்மன்தானே? கும்பிடுகிற ஆள் மாறியவுடன் பக்தி எங்கே போயிற்று?

கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. அவ்வாண்டில் பிரதம மந்திரியானவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அவர் நாத்திகரல்லர், நல்ல பக்தர். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் அவர் காலத்தில்தான் ஆயிற்று. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அந்த 40 கிலோமீட்டரைச் சட்டம் 76 வருஷத்திலும் கடந்து முடிக்கவில்லையென்றால், தடுத்தது கடவுள் நம்பிக்கையா, ஜாதியா?

இங்கிலீஷ்காரன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டால் அது அவன் சொந்த விஷயம். மறுநாள் அண்டை வீட்டுக்காரன் அவனோடு பேசாமலிருப்பதில்லை. நம் கிராமத்தில் அப்படியா? திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவென்று போடுகிறார்கள். நம்பிக்கை இருக்கிறதா என்று எவனும் கேட்பதில்லை. கொடுத்தவன் ஊரான், கொடுக்காதவன் வீட்டுக் கலியாணத்துக்கும் சாவுக்கும் ஊர் வராது என்ற பயம். கலியாண விஷயத்திலாவது 1967இல் சட்டசபை நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் ஒரு வழி திறந்துவிட்டது. சாவுக்கும் வரிக்கும் அப்படி ஒரு வழி இல்லை. இதனால்தான் அம்மனை நம்பாத வாலிபன்கூட அந்தக் கோயிலுக்காகத் தடி எடுக்கிறான். அவன் காப்பது கடவுளையல்ல, அந்த ஊர்க் கணக்கில் தன் பேரை.

2021இல் வெளியான பியூ நிறுவனத்தாரின் ஆராய்ச்சியில், மதம் மிக முக்கியம் என்றவர்கள் மத்திய இந்தியாவில் நூற்றுக்கு 92, தென்னாட்டில் 69 என்று கண்டிருக்கிறது. இதைக் கண்டு நம்மவர் சிலர் மெத்தச் சந்தோஷப்படுகிறார்கள். நமக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. மதம் எனக்கு முக்கியமில்லை என்று சொன்ன அதே மனிதன் தலைக்கட்டு வரியையும் கட்டியிருப்பான். அந்த வரிக் கணக்கில் காலனி வீடு ஒன்றுகூட இல்லாததும் அவன் கண்ணில் பட்டிராது.

ஆகவே இந்தத் திருவிழாக் காலத்தில் வரி கேட்டு வருகிறவர்களிடம், “காலனியிலும் வாங்குகிறீர்களா? அவர்கள் தெருவுக்கும் தேர் போகுமா?” என்று நம் தோழர்கள் ஒவ்வொரு ஊரிலும் கேட்கவேண்டும். என்ன பதில் வந்தது என்று ஊர்ப் பேரோடு நமக்கு எழுதுங்கள், வந்தபடியே பிரசுரிக்கிறோம்.