அது சாய்வெழுத்தன்று, கணிதக் குறி

கருத்தரங்க அறிவிப்புகள் குவியும் பருவம் இது. பலவற்றில் ஆங்கிலத் தலைப்பு தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, செரிஃப் முனைகள் இன்றி மிடுக்காக நிற்கிறது. அத்தகைய எழுத்துருவோடு எனக்குப் பகையில்லை. சுவரொட்டியிலும் விளையாட்டுச் செய்தித் தலைப்பிலும் அது தன் கடமையைச் செய்கிறது: தடிமன் தொலைவிலிருப்பவரை ஈர்க்கிறது, சாய்வு விரைவை உணர்த்துகிறது. ஆனால் நம் பதிவுகளில் நிற்பது எழுத்துருவே அன்று.

பெரும்பாலான சமூக ஊடகப் பதிவுப் பெட்டிகளில் எழுத்தைத் தடிப்பாக்கும் வசதியில்லை. ஆகவே இணையத்தில் கிடைக்கும் 'அழகெழுத்து'க் கருவிகள், எழுத்தின் தோற்றத்தை மாற்றாமல் எழுத்தையே நீக்கிவிட்டு, அதன் சாயலுள்ள வேறொரு குறியை அங்கே வைக்கின்றன. 2001இல் வெளிவந்த யூனிகோடு 3.1 பதிப்பு கணிதத்துக்கெனச் சேர்த்த குறிகள் அவை. செரிஃப் இல்லாத தடித்த சாய்வு வரிசையில் பேரெழுத்தும் சிற்றெழுத்துமாக இலத்தீன் குறிகள் 52. ஒரு சமன்பாட்டில் திசையனையும் டென்சரையும் வடிவத்தாலேயே பிரித்தறிய வேண்டியிருக்கிறது; அங்கே வடிவமே பொருள். கருத்தரங்கத் தலைப்பில் வடிவம் வெறும் ஒப்பனை.

ஒலியனுக்கும் மாற்றொலிக்கும் உள்ள வேறுபாட்டை முதல் பருவத்திலேயே கற்பிக்கும் மொழியியலாளர்களும் எழுத்துக்கும் அதன் வரிவடிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பதிவுப் பெட்டியில் மறந்துவிடுவதுதான் வியப்பு.

மறதியின் விலையைச் செலுத்துபவர் வேறொருவர். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் இக்குறிகளைச் சொல்லாகக் கொள்ளாமல் போகலாம். சில அமைப்புகளில் ஒவ்வொரு குறியின் நீண்ட கணிதப் பெயரும் தனித்தனியே ஒலிக்கும். சிலவற்றில் ஒன்றுமே ஒலிக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணு உள்ளடக்கத்தின் அணுகல்தன்மையை வலியுறுத்துகிறது. 'அனைவருக்குமான கல்வி' என்று கருத்தரங்கு கூட்டி, அத்தலைப்பையே அவர் காதுக்கு எட்டாமல் எழுதுவது என்ன அறம்?

திராவிட மொழி ஆய்வுக்கும் இது இழப்பே. தமிழ்ச் சொற்களை ஒலிபெயர்க்க நாம் கையாளும் கீழ்ப்புள்ளி, கீழ்க்கோட்டு எழுத்துகள் அவ்வரிசையில் இல்லை. ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே குறியாகிவிடுகின்றன. தரவகம் தொகுப்பவரோ இக்குறிகளை முதலில் இயல்பெழுத்தாக மாற்றவேண்டும். தவறினால் ஒரே சொல் இரண்டாக எண்ணப்படும்.

"வேறு வழியில்லையே" என்பார்கள். இருக்கிறது. படமாகச் சுவரொட்டியை வடிவமையுங்கள். அங்கே எத்தனை தடித்த, எத்தனை சாய்ந்த எழுத்துருவையும் ஆளுங்கள். அதனுடன் படவிளக்கம் சேர்த்து, பதிவில் தலைப்பை இயல்பெழுத்தில் எழுதுங்கள். அழுத்தம் வேண்டுமா? தேற்ற ஏகாரமும் 'தான்' என்ற இடைச்சொல்லும் எதற்கு இருக்கின்றன? ஆங்கிலத்துக்கும் சொல்வரிசை உண்டு; வரி பிரித்தல் உண்டு.

துறைத்தலைவர்களிடமும் ஆய்வு மாணவர் மன்றங்களிடமும் என் கோரிக்கை ஒன்றே: அடுத்த அறிவிப்பை வெளியிடுமுன் கைபேசியின் திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு அதை ஒருமுறை கேளுங்கள். உங்கள் தலைப்பு உங்களுக்கே கேட்கவில்லையெனில், அது இன்னும் எழுதப்படவில்லை.