வாடகை வீடா, இன்டெக்ஸ் ஃபண்டா?

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணம் கைக்கு வந்ததும் பெரியவர்கள் வீடு வாங்கி வாடகைக்கு விடச் சொல்கிறார்கள். பிள்ளைகள் இன்டெக்ஸ் ஃபண்டைச் சொல்கிறார்கள்.

லாபத்துக்கு முன் ஹலாலைப் பார்ப்போம். வங்கிக் கடனில் வாங்கும் வீட்டில் வட்டி இருக்கிறது. நிஃப்டி 50 இன்டெக்ஸிலும் வங்கி, நிதி நிறுவனங்களுக்குத்தான் பெரிய பங்கு. அவற்றை நீக்கிய நிஃப்டி 50 ஷரீஆ இன்டெக்ஸைப் பின்பற்றும் ஃபண்ட் இருக்கிறது. எனவே ரொக்கத்துக்கு வாங்கும் வீட்டையும் ஷரீஆ ஃபண்டையும்தான் நாம் ஒப்பிட வேண்டும்.

30 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 3.2 சதவீதம். வீட்டு வரியும் பழுதுபார்ப்பும் அதிலிருந்தே போகும்; இடத்தின் விலை ஏறினால்தான் பெரிய லாபம். ஃபண்டின் மதிப்போ சில ஆண்டுகள் இறங்கியும் நிற்கும். அடுத்த ஆண்டு மகளின் நிக்காஹ்வுக்குத் தேவைப்படும் பணத்தை அதில் போடக்கூடாது.

இன்னொன்றை நாம் பேசுவதே இல்லை. வாப்பா வஃபாத்தான பின் ஒரே வீட்டைப் பிரிக்க முடியாமல், சகோதரிகளின் பங்கு ஆண்டுக்கணக்கில் கொடுபடாமல் கிடக்கிறது. ஃபண்ட் யூனிட்டுகளை அல்லாஹ் விதித்த அளவில் பிரிப்பது எளிது. வீடுதான் என்று முடிவெடுத்தால், பெண் மக்களின் பங்கை எப்படிக் கொடுப்பது என்பதையும் அன்றே பேசி எழுதி வைப்போம்.