காயலான் கடைக்குப் போகும் பழைய போனும் நமது பொறுப்பும்

2022-இல் உலகம் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மீதி எங்கே போகிறது? கொஞ்சம் பீரோவின் மேல் தட்டில் கிடக்கும், கொஞ்சம் குப்பை வண்டியில் போகும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளில் என்றால் அனேகமாகக் காயலான் கடைக்குத்தான்.

காயல்பட்டினத்துக்காரர்கள் பழைய பொருள் வணிகத்தில் இருந்ததால் வந்த பெயர் அது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பெயர்க் காரணம் எப்படியோ, இன்றும் இந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நமது சமுதாயத்தில் உண்டு. எனவே இதை யாரோ சிலரின் குற்றமாகப் பேசிவிட்டு நகர முடியாது.

கடைக்காரர் எடை போட்டுத்தான் வாங்குகிறார். அவருக்குக் காசு செம்பிலும் அலுமினியத்திலும் இருக்கிறது. வயரிலிருந்து செம்பை எடுக்கச் செலவில்லாத வழி எரிப்பது. உறையில் இருக்கும் பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு கிளம்பும். சர்க்யூட் போர்டில் உள்ள துளித் தங்கத்துக்காக அமிலம் ஊற்றுகிறார்கள், மிச்ச அமிலம் சாக்கடையில் ஓடுகிறது. பழைய டியூப் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. எல்லாக் கடைக்காரரும் எரிப்பதில்லை. பலர் வாங்கி அடுத்த கைக்கு விற்பவர்கள். அந்த அடுத்த கை யாருடையது என்று நாம் கேட்டதே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் மக்கள் அமோனியா கசிவுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினார்கள். அப்போது ஆலைகளைக் கேள்வி கேட்டோம், இனியும் கேட்க வேண்டும். வயர் எரியும் புகையோ நம் வீட்டிலிருந்து போன பொருளின் புகை.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தயாரிப்பு நிறுவனங்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் பணம் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும். வீட்டு மின்னணுப் பொருட்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று ஒன்றிய அரசு நிர்ணயித்தது. அது அதிகம் என்று சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்கள் 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் போயின.

இந்தப் பணம் கடைக்காரர் கைக்குத் தானாக வராது. தயாரிப்பவர், இறக்குமதியாளர் உள்ளிட்ட உற்பத்தியாளர், பழுது நீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரே விதிகளின்படி பதிவு செய்கிறார்கள். தெருத்தெருவாக வண்டி தள்ளி வாங்குபவருக்கு அதில் இடமே இல்லை. 2016 விதிகளில் இருந்த 'பிரித்தெடுப்பவர்' என்ற வகையும் போய்விட்டது. பொருளைச் சேர்க்கிறவரை வெளியே நிறுத்திவிட்டுப் பொருள் மட்டும் உள்ளே வரவேண்டும் என்றால் எப்படி வரும்?

இந்த இடைவெளியை மஹல்லா ஜமாஅத்துகள் நிரப்பலாம். மூன்று மாதத்துக்கு ஒரு ஜும்ஆவுக்குப் பின் பழைய பொருட்களைச் சேர்க்கலாம். அந்த வேலையை அந்தத் தெருவின் காயலான் கடைக்காரரிடமே கூலி கொடுத்து ஒப்படைக்க வேண்டும். எதையும் உடைக்காமல், எரிக்காமல் முழுசாக, பதிவு பெற்ற நிறுவனத்திடம் எடை போட்டு ரசீது வாங்கிக் கொடுக்க வேண்டும். பதிவு பெற்றவர் யார் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விசாரித்துக்கொள்ளலாம். உப்பிய பேட்டரியை மற்றவற்றோடு போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

போனைக் கொடுக்கும் முன் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை முழுக்க அழியுங்கள். வீட்டுப் பெண்களின் படங்களும் வங்கி விவரங்களும் அமானிதம். பழுது பார்த்தால் ஓடும் என்றால் ஒரு மாணவருக்குக் கொடுங்கள். ஓடாததை ஸதகா என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி வேறு ஒரு நாள் பேசுவோம்.

கடைக்காரர் முதலில் கேட்கப்போவது, "செம்பா வித்தா இவ்வளவு கிடைக்குது, முழுசா குடுத்தா எவ்வளவு தருவீங்க ஹஸ்ரத்?" என்பதுதான். நிறுவனத்தோடு விலை பேசப் போகும் நிர்வாகிகள் அந்த 22 ரூபாயை நினைவில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.