மவுக்கின் பென்சில்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வண்ணப் பிரசுரம் வந்தது. 'மனிதக் கைபடாத ஆப்பிரிக்கா' என்று தலைப்பு. அட்டையில் விக்டோரியா அருவி. உள்ளே சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, அந்தி வெளிச்சத்தில் ஒரு படகு. ஜிம்பாப்வேக்கு மட்டும் 4 நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த 4 நாளில் அந்த நாட்டு மனிதர்கள் எழுப்பிய ஒரு சுவரைக்கூடப் பார்க்க ஏற்பாடு இல்லை. வாரம் முடியப்போகிறது, எனக்குக் கோபம் தணியவில்லை.

அருவியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜாம்பேசி ஆறு ஏறத்தாழ 1,700 மீட்டர் அகலத்துக்கு விரிந்து வந்து, 100 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஒரு பிளவுக்குள் மொத்தமாக விழுகிறது. எதிர்க்கரையில் நிற்பவரைச் சாரல் நனைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் நீர்ப்புகையில் அருவியே மறைந்துவிடும். அக்டோபரில் போனால் பல இடங்களில் வெறும் பாறை தெரியும். அருவிக்குக் கீழே ஆறு வளைந்து வளைந்து போகும் பள்ளத்தாக்குகளைப் பலரும் கவனிப்பதில்லை. அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் அருவி விழுந்த இடம். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையில் ஓடும் வெடிப்புகளை நீர் அரித்து அரித்து, அருவியைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய அருவியும் நகரும். பிரிட்டிஷ் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் 1855-ல் வந்து தன் ராணியின் பெயரை வைத்தார். அதற்கு முன்பும் அங்கே மக்கள் இருந்தார்கள், அருவிக்குப் பெயரும் இருந்தது.

இதைத்தான் அந்தப் பிரசுரம் மறைக்கிறது. ஒரு கண்டத்தையே காட்டு விலங்குகளின் காட்சிச்சாலை ஆக்கிவிட்டு, மனிதர்களை விடுதிப் பணியாளர்களாக மட்டும் காட்டுகிறது. மெரோவேயின் பிரமிடுகள் இல்லை. லாலிபேலாவின் பாறைக் கோயில்கள் இல்லை. கில்வாவின் மசூதி இல்லை. விக்டோரியா அருவி இருக்கிற அதே நாட்டில், அந்த நாட்டுக்கே பெயர் கொடுத்த கிரேட் ஜிம்பாப்வேயும் இல்லை.

பழைய கட்டடங்களை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்ற கதைகளைப் பற்றி நான் இங்கே எழுதியபோது வந்த கோபக் கடிதங்கள் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். கிரேட் ஜிம்பாப்வேயைப் பற்றி அன்றே எழுதியிருக்க வேண்டும். கட்டியவனிடமிருந்து கட்டடத்தைப் பறிக்கும் வேலை, துப்பாக்கியும் சட்டமும் துணையிருக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நடந்த இடம் அது.

மஸ்விங்கோ நகரத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். கருங்கல் குன்று ஒன்று. அதன் உச்சியில் பெரும்பாறைகளுக்கு இடையிடையே சுவர்கள். கீழே சமவெளியில் பெருமதில். அதன் சுற்றளவு சுமார் 250 மீட்டர், உயரம் சில இடங்களில் 11 மீட்டர், அடியில் 5 மீட்டருக்கு மேல் கனம். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்மேல் கல். 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 15-ஆம் நூற்றாண்டு வரை, இன்றைய ஷோனா மக்களின் முன்னோர் எழுப்பியது. அந்த ஊர்க் கருங்கல் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் தானாகவே பாளம் பாளமாக உரியும். அதோடு நெருப்பு மூட்டிப் பாறையைச் சுட்டுக் குளிரவைத்தால் இன்னும் வேகமாகப் பிளக்கும். அந்தப் பாளங்களை உடைத்துச் சீர்செய்து அடுக்கினார்கள். மதிலுக்குள் மண்சுவர் வைத்துக் கூரை வேய்ந்த வட்ட வீடுகள் இருந்தன. மண் எடுத்த பள்ளங்களில் மழைநீரைத் தேக்கி வைத்தார்கள் என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன.

இங்கிருந்து தங்கம் இந்தியப் பெருங்கடற்கரைக்குப் போனது. சோபாலாத் துறைமுகம் வழியாகக் கில்வாவுக்கு. திரும்பி வந்தவை சீனத்துப் பச்சைப் பீங்கான், பாரசீகக் கிண்ணங்கள், இந்தியாவின் கண்ணாடி மணிகள். கில்வா சுல்தான் ஒருவரின் நாணயமும் இங்கே கிடைத்திருக்கிறது.

1871-ல் கார்ல் மவுக் என்ற ஜெர்மன் நிலவியலாளர் இங்கே வந்தார். ஒரு வாசலின் மேல் உத்தரத்திலிருந்து மரச்சிம்பு ஒன்றை வெட்டி எடுத்துத் தன் பென்சிலோடு ஒப்பிட்டார். அதே செம்மை, அதே வாசனை. பென்சில் தேவதாரு மரம். ஆகவே இதுவும் தேவதாரு. தேவதாரு லெபனானில்தான் வளரும். லெபனானிலிருந்து அதைக் கொண்டுவந்திருக்கக் கூடியவர்கள் பினீசியர்கள். எனவே இது ஷேபா நாட்டு அரசி சாலமோனின் ஆலயத்தைப் பார்த்துக் கட்டியது. ஒரு மரச்சிம்பிலிருந்து ஒரு பேரரசிவரை போய்விட்டார். அந்த மரம் தம்பூட்டி. தெற்கு ஆப்பிரிக்காவில் தானாக வளரும் மணமுள்ள மரம். சுற்றி வாழ்ந்த மக்களிடம் 'இது என்ன மரம்' என்று அவர் கேட்டிருக்கலாம்.

மவுக்கையாவது மன்னிக்கலாம், தனியாள். அவருக்குப் பின்னால் வந்தவர்களிடம் அதிகாரம் இருந்தது. 1890-ல் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸின் கம்பெனி இந்த நிலத்தைப் பிடித்தது. மறு வருடமே ரோட்ஸின் ஆதரவோடு தியோடர் பென்ட் வந்து தோண்டினார். கண்ணெதிரே உள்ளூர்ப் பானை ஓடுகள் கிடைத்தும், அரபு நாட்டிலிருந்து வந்த பழைய இனம் ஒன்றுதான் கட்டியது என்று எழுதினார். 1895-ல் இடிபாடுகளில் தங்கம் தேடவே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். புதைந்திருந்த நகைகளை எடுத்து உருக்கினார்கள். 1902-ல் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ரிச்சர்ட் ஹால் செய்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கறுப்பர்கள் குடியிருந்த அழுக்கைக் கூட்டித் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு, பல அடி ஆழத்துக்கு மண் அடுக்குகளை வெட்டி வெளியே கொட்டினார். கட்டியவர்களின் வாழ்க்கை முழுவதும் அந்த மண்ணில்தான் இருந்தது. இனி யாரும் அதைப் படிக்க முடியாது. இந்த நஷ்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

1905-ல் டேவிட் ராண்டல்-மக்கைவர் என்ற தொல்லியலாளர், இது இடைக்காலத்தில் ஆப்பிரிக்கர்கள் கட்டியது என்று தெளிவாகச் சொன்னார். குடியேறிய வெள்ளையர்கள் ஏற்கவில்லை. 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் வந்தார். கூடவே இன்னும் இரண்டு பெண்கள். ஒருவர் பிற்பாடு ஜெரிக்கோவைத் தோண்டிப் புகழ்பெற்ற கேத்லீன் கென்யன். யாரும் கலைக்காத இடமாகத் தேடித் தோண்டினார்கள். பெருமதிலுக்குள் இருக்கும் கூம்புக் கோபுரத்தின் அடியிலேயே சுரங்கம் குடைந்தார்கள். அப்படியே கிடந்த தரைகளில் உள்ளூர்ப் பானைகளோடு காலம் தெரிந்த வெளிநாட்டுப் பொருள்கள் கிடைத்தன. முடிவு மக்கைவர் சொன்னதேதான். அதைத் தென்னாப்பிரிக்காவில் ஓர் அறிஞர் கூட்டத்தில் வைத்தபோது ரேமண்ட் டார்ட் கொதித்தெழுந்து சண்டையிட்டார். டாங் குழந்தையின் மண்டையோட்டை உலகுக்கு அறிவித்து, மனித குலம் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்று வாதாடிய அதே டார்ட். மனிதன் ஆப்பிரிக்காவில் தோன்றினான் என்று ஏற்றுக்கொண்ட மனம், ஆப்பிரிக்கன் மதில் கட்டினான் என்பதை ஏற்கவில்லை.

பீட்டர் கார்லேக் 1973-ல் வெளியிட்ட 'கிரேட் ஜிம்பாப்வே' என் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கும் புத்தகம். கட்டடக்கலை படித்துத் தொல்லியலுக்கு வந்தவர். அப்போது ரொடீசியா என்று அழைக்கப்பட்ட இந்த நாட்டு அரசின் நினைவுச்சின்ன ஆய்வாளராக இருந்தார். 1965-ல் இயன் ஸ்மித்தின் வெள்ளை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்த பிறகு, உண்மையை மழுப்பச் சொல்லி நெருக்கினார்கள். 1970-ல் வேலையையும் நாட்டையும் விட்டுப் போனார். இந்தப் புத்தகம் அதற்குப் பிறகு வந்தது. ஒரு பக்கத்தில்கூட குரல் உயரவில்லை. சுவரை அளக்கிறார், கல்லைப் பார்க்கிறார், சொல்கிறார்.

சுவரை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் புத்தகம்தான். முதலில் எழுந்த சுவர்களில் கற்கள் சின்னதும் பெரியதுமாக இருக்கும். வரி நேராக ஓடாது. பிறகு வந்தவற்றில் கற்கள் ஒரே அளவு, வரி நூல் பிடித்தாற்போல் போகும். பெருமதிலை ஒரு முறை சுற்றி நடந்தாலே இந்த மாற்றம் தெரியும். வடமேற்கில் உயரமும் குறைவு, வேலையும் சுமார். சுற்றி வர வரக் கை தேர்கிறது. தென்கிழக்கில் உச்சியில் இரண்டு வரி கோணல்மாணல் அலங்காரமே செய்துவிட்டார்கள். தேர்ந்த கொத்தர்கள் வேறு தேசத்திலிருந்து வந்திருந்தால் முதல் சுவரே கடைசிச் சுவர் போல இருந்திருக்கும். இங்கே ஓர் ஊர், தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்றுக்கொண்ட தடம் கல்லில் அப்படியே இருக்கிறது. வளைவு மாடம் இல்லை, நேர்மூலை இல்லை. அதே காலத்தில் கடற்கரைக் கில்வாவில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மூலை மட்டம் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் வந்த வணிகர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். பார்த்தும் இவர்கள் தங்கள் வழியிலேயே கட்டினார்கள்.

மாக்கல்லில் செதுக்கிய எட்டுப் பறவைகள் இங்கே இருந்தன. ஒன்றை 1889-ல் வெட்டி எடுத்தவர் ரோட்ஸுக்கு விற்றார். ரோட்ஸ் தன் கேப் டவுன் வீட்டில் வைத்துக்கொண்டார். இது வேறு யாரோ செய்தது என்று சொன்னதால் எடுப்பதும் எளிதாயிற்று. 1980-ல் நாடு விடுதலை அடைந்தபோது கொடியில் அந்தப் பறவை ஏறியது. 1981-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து சில பறவைகள் திரும்பின. ஜெர்மனியில் இருந்த ஒரு பறவையின் கீழ்ப்பாதி 2003-ல் வந்தது. ஷாட்ரெக் சிரிகூரே போன்ற ஜிம்பாப்வே தொல்லியலாளர்கள் இப்போது ஷோனா மக்களின் சொற்களையும் வழக்கங்களையும் வைத்தே அந்த நகரத்தை விளக்குகிறார்கள். பழைய ஆய்வாளர்கள் சொன்ன மக்கள்தொகைக் கணக்கையும் மறுத்துக் குறைத்திருக்கிறார்கள். தங்கள் ஊரைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஜூலையில் ஜிம்பாப்வே போகப்போவதாக ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா, அது மழையில்லாத குளிர்காலம்; அருவியில் நீரும் இருக்கும், காட்சியும் தெளிவாக இருக்கும். அருவியைப் பார்த்துவிட்டுச் சாலை வழியாகப் புலவாயோ வாருங்கள், ஏறத்தாழ 440 கிலோமீட்டர். நகரத்துக்குச் சற்று மேற்கே காமி இடிபாடுகள் இருக்கின்றன. கிரேட் ஜிம்பாப்வே மங்கிய பிறகு இந்தக் கல்வேலை இன்னும் நேர்த்தியாகத் தொடர்ந்த இடம் அது. ஆட்கள் அதிகம் வருவதில்லை. அங்கிருந்து மஸ்விங்கோ சுமார் 280 கிலோமீட்டர். கிரேட் ஜிம்பாப்வேயில் ஒரு பகல் போதாது. இரவு பக்கத்திலேயே தங்கி, வெயில் ஏறும் முன் குன்றின் பழைய படிவழியில் ஏறுங்கள். ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய இடுக்குகள் அதில் உண்டு. உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பெருமதிலை மாலையில் சுற்றுங்கள், வடமேற்கிலிருந்து தொடங்குங்கள்.